ஆடிப்பட்டமும் மலாக்கா மழையும்



"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியைக் கேட்டிராத தமிழர் இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கும் அது பாட்டன் பாட்டி வாய்வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆடி மாதம் பிறந்துவிட்டால் முந்தானையில் முடிந்து வைத்திருந்த அவரை விதையையும் புடலை விதையையும் எடுத்து வீட்டின் பின்புறத்தில் ஊன்றும் வழக்கம் நம்மில் பலருடைய வீடுகளில் இருந்தது.

இந்தப் பழமொழி எந்த மண்ணில் பிறந்தது, எந்த வானத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? கடல் கடந்து மலாக்காவுக்கு வந்த பிறகும் அது அப்படியே பொருந்துகிறதா? பொருந்தவில்லையென்றால் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? இன்றைய உரையில் இவற்றைப் பார்ப்போம். இது செடி நடுவதைப் பற்றிய பேச்சுத்தான். ஆனாலும் ஒரு மக்கள் கூட்டம் புதிய நாட்டில் எப்படிக் கால் ஊன்றியது என்ற வரலாறும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் தமிழ்நாட்டைப் பார்ப்போம். நம் முன்னோரிற் பெரும்பாலோர் தஞ்சாவூர், திருச்சி, சேலம், தென்னார்க்காடு, வடஆர்க்காடு, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அந்தச் சீமையில் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் நிலம் வெடிக்கும் அளவுக்கு வெயில் காயும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டும். காவிரியில் புதுவெள்ளம் வரும். ஆடிப் பதினெட்டாம் பெருக்குக் கொண்டாடுவதன் காரணம் இதுவே. அதன்பின் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. தமிழ்நாட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி இந்த வடகிழக்கு மழையினாலேயே கிடைக்கிறது.

ஆகவே ஆடியில் விதைத்தால் அப்போதைய சிறு மழையில் விதை முளைக்கும். ஐப்பசியின் பெருமழை வருவதற்குள் செடி வேர் பிடித்து நிற்கும். தை பிறக்கும்போது பலன் வீட்டுக்கு வரும். ஆடியைத் தவறவிட்டவனுக்கு அந்த ஆண்டின் மழை முழுப்பயன் தராது. "தேடி விதை" என்ற சொல்லில் இருக்கும் அவசரம் இதுதான். மழைக்காக ஏங்கி நிற்கும் ஒரு நாட்டின் கணக்கு அது.

இனி மலாக்காவுக்கு வருவோம். இங்கே தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர்கள் குடியேறியிருந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். காஜா பெராங் பகுதியில் அவர்களுடைய கிராமம் இருக்கிறது. டச்சுக்காரர் ஆட்சியில் 1781ஆம் ஆண்டில் அவர்கள் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் தட்டார் தெருவில், அதாவது ஜாலான் துக்காங் அமாஸில், நிற்கிறது. காலப்போக்கில் அவர்கள் மலாய் மொழியையே வீட்டுமொழியாகக் கொண்டார்கள். ஆனால் சமயத்தையும் முன்னோர் வழிபாட்டையும் விட்டுவிடவில்லை.

அவர்களுடைய வழிபாட்டில் நம் பேச்சுக்கு மிகவும் தொடர்புள்ள ஒரு செய்தி இருக்கிறது. பொங்கலுக்கு முந்திய நாளாகிய போகியன்று அவர்கள் முன்னோருக்குப் படையல் இடுகிறார்கள். அதனைப் 'பார்ச்சு' என்கிறார்கள். அந்த ஒரு படையலோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஆண்டின் நடுப்பகுதியில், இந்த நாட்டுப் பழங்கள் பழுக்கும் பருவத்தில், பழங்களை வைத்து இன்னொரு படையலும் இடுகிறார்கள். அதன் பெயர் 'பார்ச்சு புவா புவாஹான்', அதாவது பழப் படையல்.

தை மாதப் படையல் தாய்நாட்டு அறுவடைக் காலத்தைத் தழுவியது. ஆண்டு நடுவில் வரும் படையலோ டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் பழுக்கும் மலாக்கா மண்ணின் காலத்தைத் தழுவியது. பழைய நாட்காட்டியையும் கைவிடவில்லை. புதிய மண்ணின் பருவத்தையும் புறக்கணிக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணின் தமிழர் இரண்டு பருவங்களையும் சேர்த்து வாழக் கற்றிருந்தார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

மலாக்காவின் மழை ஏன் வேறாக இருக்கிறது? வரைபடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். மேற்கே நீரிணைக்கு அப்பால் சுமத்திரா தீவும் அதன் மலைகளும் நிற்கின்றன. தென்மேற்குக் காற்றின் பெருமழையை அவை பெரிதும் தடுத்துவிடுகின்றன. கிழக்கே தீபகற்பத்தின் நடு மலைத்தொடர் இருக்கிறது. கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம் புரளச் செய்யும் வடகிழக்குக் காற்று, அதைக் கடந்து வரும்போது ஈரம் குறைந்துவிடுகிறது. ஆகவே தமிழ்நாட்டைப் போல நெடுங்கோடையும் பெருமழையும் மாறிமாறி இங்கே வருவதில்லை. ஆண்டு முழுவதும் ஓரளவு மழை பெய்கிறது. மொத்தம் ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் என்று சொல்லலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வரும். வறட்சி என்று சொல்லத்தக்க காலம் ஜனவரியும் பிப்ரவரியும்தான்.

இதைத் தமிழ் மாதங்களில் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் இங்கே தண்ணீர் வடியாமல் வேர் அழுகும் கவலை. தை, மாசியில் தண்ணீர் இல்லாத கவலை. ஆடியோ நடுத்தரமான மாதம். அப்போது விதைக்கவும் செய்யலாம். ஆனால் அதைத் தவறவிட்டால் ஆண்டே போயிற்று என்ற அவசரம் இங்கே இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அது கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய மலாக்காவில் அந்த வித்தியாசம் கால் மணி நேரம்தான். நம் ஊர்ப் பழைய கொடியவரை பகல் குறுகும் காலத்தை எதிர்பார்த்துப் பூக்கும் இனம். அதனால்தான் ஆடியில் ஊன்றிய அவரை கார்த்திகை, மார்கழிக்குத்தான் பூத்துக் குலுங்கும். மலாக்காவில் பகல் எப்போதும் 12 மணி அளவிலேயே இருப்பதால் பகலின் நீளத்தைக் கொண்டு பருவம் கணிக்க இடமில்லை. இங்கே மழையும் வெயிலுமே கணக்கு.

அந்தக் கணக்கைத் தோட்டத்துத் தமிழர் எங்கிருந்து கற்றார்கள்? அவர்கள் நாள்தோறும் கண்ட ரப்பர் மரத்திலிருந்துதான்.

மலாயாவின் முதல் வாணிப ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றியது. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராயிருந்த ஹென்றி ரிட்லியின் ஊக்கத்தினால், டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனப் பெருமகனார் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். அதற்கு முன்பு மலாக்காவின் பெருங்காடுகளை அழித்துச் சீன முதலாளிகள் மரவள்ளி பயிரிட்டு வந்தார்கள். மரவள்ளி நிலத்தின் சத்தை உறிஞ்சிவிடும். சில அறுவடைகளுக்குப் பிறகு அந்த நிலத்தை விட்டு வேறு காட்டுக்குப் போவார்கள். அப்படிப்பட்ட மண்ணில்தான் ரப்பரும், ரப்பரைத் தொடர்ந்து நம் மக்களும் வந்தார்கள்.

தோட்ட நிர்வாகத்துக்கும் பருவம் தேவைப்பட்டது. ரப்பர் விதையைப் பல மாதங்கள் வைத்திருந்து நட முடியாது. சில வாரங்களிலேயே அது முளைக்கும் திறனை இழக்கும். ஆகவே விதை விழும் காலத்திலேயே நாற்றங்கால் போட்டாக வேண்டும். மழைக்காலம் பார்த்துக் கன்றுகளை நட்டாக வேண்டும். துரையின் கட்டளையும் மழைக்குக் கட்டுப்பட்டதாகவே இருந்தது.

ரப்பர் மரம் ஆண்டுக்கு இரண்டு முறை தெளிவாகப் பேசும். தை, மாசியில் இலையெல்லாம் பழுத்துச் சிவந்து உதிரும். தோட்டம் முழுவதும் சருகு மெத்தையாகக் கிடக்கும். வறட்சி வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஆகஸ்ட், செப்டம்பரில் காய்கள் முற்றிப் 'படீர்' 'படீர்' என்று வெடித்து விதைகள் சிதறும். பிள்ளைகள் ஓடியோடிக் கொட்டை பொறுக்குவார்கள். பெருமழை நெருங்குகிறது என்பதற்கு அது அடையாளம். தமிழ்நாட்டுக் குடியானவனுக்குக் காவிரியில் புதுவெள்ளம் எப்படியோ, அப்படியே நமக்குக் கொட்டை வெடிக்கும் சத்தம். ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கத்தில் இந்த அடையாளங்கள் இரா. ஆனால் கண்ணுள்ளவர்கள் கண்டுகொண்டார்கள்.

நேயர்களே, இலையுதிர் காலம் வறட்சிக்கு மட்டும் அடையாளமன்று. கைச்செலவு சுருங்கும் காலத்துக்கும் அதுவே அடையாளம். இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் நாட்களில் மரத்தில் பால் குறையும். பால் குறைந்தால் பாலின் அளவை ஒட்டி வரும் வருமானமும் குறையும். ஐப்பசி மழையிலும் அதே தொல்லைதான். விடியற்காலையில் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்று மரம் வெட்ட முடியாது. ஆக, ஆண்டில் இரண்டு முறை அடுப்படியில் சங்கடம் வரும்.

இதனால் தோட்டத்துத் தாய்மார்களின் கேள்வி, நாட்டுப்புறக் குடியானவனின் கேள்வியிலிருந்து மாறியது. "எந்த மாதம் மழை வரும்?" என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. "எந்த மாதம் கையில் காசு இராது? அந்த மாதத்தில் சட்டியில் காய் இருக்க வேண்டுமானால் எப்போது நட வேண்டும்?" என்று பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டியதாயிற்று. தோட்டத்து மண்ணில் பருவம் என்பதன் பொருள் இதுவே.

நடுவதற்கு நிலம் வேண்டுமே! அன்றைய மலாயாத் தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. நம் ஊர்க் கணக்கில் அது ஆறேகால் சென்ட். பெரிய நிலமல்ல. ஆனால் முறையாகப் பயன்படுத்தினால் ஒரு குடும்பத்துக் கறிச்செலவின் பெரும் பங்கை அது தாங்கும். ஓடையோரம், மேட்டு நிலம், லயத்துக்குப் பின்புறம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் போட்டுப் பயிர் செய்தார்கள்.

இந்தச் சிறு நிலத்தின் அருமை 1942இல் விளங்கியது. அந்த ஆண்டு ஜனவரியில் ஜப்பானியர் மலாக்காவைக் கைப்பற்றினார்கள். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகிப் போயிற்று. ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டங்களில் வேலையில்லை. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான் சோறாயின. ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வீட்டில் எஞ்சி நின்ற பெண்களும் பிள்ளைகளும் மண்வெட்டியை எடுத்தார்கள்.

ஆக்கிரமிப்புத் தொடங்கிய மாதம் எது என்று கவனியுங்கள். ஜனவரி! மலாக்காவின் வறண்ட மாதம். பசி வந்த பிறகு அன்றைக்குக் குச்சி நட்டால் மரவள்ளி கிழங்கு வைத்து முற்ற எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். சர்க்கரைவள்ளிக்கும் மூன்றரை, நான்கு மாதம் வேண்டும். அதுவும் கொடி வேர் பிடிக்க ஈரம் வேண்டும். முன்பே நட்டு வைத்திருந்த வீட்டுக்குக் கையில் கிழங்கு இருந்தது. நடாதிருந்த வீடு மழைக்கும் காத்திருக்க வேண்டும். கிழங்குக்கும் காத்திருக்க வேண்டும். வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டு கட்டுக் கட்டாக இருந்தாலும் அதை வேகவைத்துத் தின்ன முடியாது. 1945இல் போர் முடியும்வரை இந்த நிலை நீடித்தது. அந்தக் காலத்தைக் கண்ட முதியவர்கள் சிலர் பிற்காலத்தில் மரவள்ளியைக் கையால் தொடவே மறுத்தார்கள்; வேறு சிலரோ வீட்டோரம் நாலு குச்சி இல்லாமல் வாழவே மறுத்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பாடம் ஒருமுறை நாட்டுக்கே நினைவூட்டப்பட்டது. உலகச் சந்தையில் உணவுப் பொருள் விலை ஏறியிருந்த 1974ஆம் ஆண்டில், பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி, வெறும் நிலம் எங்கிருந்தாலும் காய்கறி பயிரிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். தோட்ட மக்களுக்கு அது புதிய செய்தியல்ல. அவர்கள் செய்து வந்ததற்கு நாடு தந்த ஒப்புதல்.

மழையை நம்பி அயர்ந்துவிடக் கூடாது என்பதையும் மலாக்கா நமக்குக் காட்டியிருக்கிறது. 1991ஆம் ஆண்டின் வறட்சியில் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றி, மாநிலம் முழுவதும் தண்ணீர்ப் பங்கீட்டில் தவித்தது. எல் நினோ எனப்படும் பசிபிக் கடல் வெப்ப மாற்றம் வரும் ஆண்டுகளில், 1997-98, 2015-16 ஆகிய ஆண்டுகளைப் போல, வறட்சி நீளக்கூடும். ஆகவே மாதத்தின் பெயரை மட்டும் நம்பாமல் வானத்தையும் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னவற்றைத் தொகுத்து, மலாக்காவுக்கு ஏற்ற பட்டங்களைச் சொல்லி முடிக்கலாம்.

சித்திரைப் பட்டம்: இடிமழை தொடங்கும் காலம். மரவள்ளிக் குச்சியை இப்போது நட்டால் ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்துத் தை மாதத்தில், கை சுருங்கும் வேளையில், கிழங்கு கிடைக்கும்.

ஆடிப் பட்டம்: பழமொழியை அடியோடு தள்ள வேண்டாம். இப்போது விதைத்த பூசணி ஐப்பசி வாக்கில் முற்றும். காம்போடு அறுத்து ஈரமில்லாத இடத்தில் வைத்தால் தை வரைக்கும் கெடாது. வெண்டை, பயற்றங்காய் முதலியவற்றையும் இப்போது ஊன்றலாம். பெருமழைக்கு முன் காய்த்துவிடும்.

புரட்டாசிப் பட்டம்: ரப்பர்க் கொட்டை வெடித்து ஓய்ந்த பின் வரும் காலம். வாழைக் கன்று, கறிவேப்பிலை, மா, பலா முதலிய நீண்ட நாள் மரங்களை நட இதுவே ஏற்றது. மூன்று மாத மழையில் வேர் ஆழமாக இறங்கித் தை வறட்சியைத் தாங்கும். சர்க்கரைவள்ளிக் கொடியையும் இப்போது உயர்ந்த வரப்பில் ஊன்றினால் தையில் கிழங்கு எடுக்கலாம். முருங்கைக் கம்பு நட்டால் தண்ணீர் தேங்காத மேட்டில் நட வேண்டும்.

கார்த்திகைப் பட்டம்: மிளகாய், கத்தரி நாற்றுகளை ஐப்பசியில் கூரையடியில் வளர்த்து, மழை தணியும் கார்த்திகையில் நடலாம். மாசியில் காய்க்கும். அப்போது மழை இராது. அரிசி கழுவிய தண்ணீரையும் குழாயடித் தண்ணீரையும் ஊற்றினால் போதும். செடியடியில் சருகு பரப்பி வைத்தால் ஈரம் காயாது.

தையிலும் மாசியிலும் புதிதாக எதையும் நடாமல் இருப்பதே நல்லது. ஆனால் அந்த வறட்சியை முழுத்தீமை என்று எண்ண வேண்டாம். அந்த வெயில் காய்ந்தால்தான் டுரியான் முதலிய மரங்கள் பூத்துத் தள்ளும். ஆண்டு நடுவில் செட்டிமார் படையலில் இடம்பெறும் பழங்கள் அந்த வறட்சியின் கொடையே.

நேயர்களே, ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. செம்பனை பருவம் பார்த்து இலை உதிர்ப்பதில்லை. கொட்டை வெடித்து மழையை அறிவிப்பதுமில்லை. லயங்களை விட்டுத் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிய குடும்பங்களும் ஏராளம். ஆறேகால் சென்ட் நிலம் இன்று ஐந்து பூந்தொட்டிகளாகச் சுருங்கியிருக்கலாம். அதனால் நாம் இழப்பது நிலத்தை மட்டுமல்ல. பருவத்தை அறிவித்த அடையாளங்களையும் சேர்த்து இழக்கிறோம்.

அதை ஈடுசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டில் மீந்திருக்கும் தாள்களில், எந்த நாள் எதை நட்டோம், எப்போது மழை வந்தது, எப்போது காய்த்தது என்று எழுதி வையுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவர் நட்ட மாதத்தையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். மூன்று ஆண்டு எழுதினால் அதுவே உங்கள் வீட்டுப் பஞ்சாங்கம்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன முன்னோர் ஆடி என்ற பெயரில் மயங்கி அதைச் சொல்லவில்லை. தங்கள் வானத்தைப் பல தலைமுறை பார்த்துச் சொன்னார்கள். நாமும் நம் தலைக்கு மேலிருக்கும் மலாக்கா வானத்தைப் பார்த்து நடுவதே அவர்கள் சொல்லைக் காப்பதாகும்.